படுவான்கரையில் மருத்துவமாது

தொழிலில் மனநிறைவு என்றதும் பலர் சம்பளத்தையே பேசுவர். 1959இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பேர்க் வெளியிட்ட ஆய்வு, மனநிறைவைத் தருவன வேறு, மனக்குறையைத் தருவன வேறு என்றது. சம்பளமும் வசதியும் குன்றினால் வெறுப்பு உண்டாகும்; அவை கூடியதனால் மட்டும் விருப்பு உண்டாகிவிடாது. விருப்பு, செய்யும் வேலையிலிருந்தே பிறத்தல் வேண்டும். அவர் ஆராய்ந்தது பொறியியலாளரையும் கணக்காளரையுமே. எனினும் அக்கூற்று மட்டக்களப்பு வாவியின் மேலைக்கரையாகிய படுவான்கரையில் பணிபுரியும் மருத்துவமாதுக்கும் நன்கு பொருந்துகின்றது.

1926இல் களுத்துறையில் இலங்கையின் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன் வழிவந்த ஏற்பாட்டிலே மருத்துவமாது வீடு தேடிச் செல்கிறார். கர்ப்பிணியைப் பதிவு செய்கிறார். பிரசவத்தின் பின் தாயையும் சேயையும் பார்க்கிறார். குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார். அக்குழந்தை புத்தகப் பையுடன் பள்ளி செல்வதையும் காண்கிறார். இப்பேறு ஆசிரியராகிய எமக்குக்கூட வாய்ப்பதில்லை.

அங்ஙனமாயின் இடமாற்றம் கேட்பானேன்? குறை வேலையிலன்று, அதனைச் சூழ்ந்தவற்றிலே உள்ளது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் ‘பாதை’க்குக் காத்திருந்தே வாவியைக் கடத்தல் வேண்டும். பாலம் வந்த பின்னரும், மாரி வெள்ளத்தில் வயல்வழிகள் மறைந்துவிடுகின்றன. அயற்பிரிவில் வெற்றிடம் ஏற்பட்டால் அச்சுமையும் இவர் தலையிலேயே விழும். பகலெல்லாம் நடந்தவர் இரவிலே பதிவேடுகளை நிரப்ப வேண்டும். இவை யாவற்றினும் முதன்மையானது உறைவிடம் என்பேன். தனியே தங்கும் பெண்ணுக்கு உறுதியான கதவும், அருகிலே நன்னீர்க் கிணறும் வேண்டும். எம் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்றுவரும் இளம் ஆசிரியைகளும் முதலில் விசாரிப்பது இவ்விரண்டையுமே.