"ரெடி கேஷ்" பார்ட்டி வருகிறார்: விலை போகாத வீட்டுக்காரர்களே, உஷார்!

அம்பத்தூர்,–

வீட்டை விற்க வேண்டும். வாங்கத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். "வீட்ல கேட்டுட்டு சொல்றோம்" என்று போகிறார்கள். திரும்புவதே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பார் "ரெடி கேஷ்" பார்ட்டி!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீடு விற்க அலைந்தவர்களுக்கு இவர் புதியவர் அல்ல. சுவர் வெடிப்பைப் பார்க்கமாட்டார். பாங்கி லோன் என்று இழுக்கமாட்டார். "இருக்கிற நிலைமையிலேயே எடுத்துக்கிறோம் சார். ஒரே வாரத்துல செட்டில்மெண்ட்!" – பேச்சு இப்படித்தான் இருக்கும்.

விலையைக் கேட்டால்தான் தூக்கிவாரிப் போடும். 50 லட்சம் பெறும் வீடு என்று வைத்துக்கொண்டால், 35 லட்சத்தில் பேச்சை ஆரம்பிப்பார். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, கடன்காரன் தொல்லை என்று தவிப்பவர் தலையை ஆட்டிவிடுகிறார்.

கோளாறு எங்கே?

பல வீடுகள் விலை போகாமல் நிற்பதற்குக் காரணம் செங்கல் சுவர் அல்ல, காகிதம்!

1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கி தொழிற்சாலையும் வந்தன. வேலைக்கு வந்தவர்கள் ஏரிக்கரையிலும் வயல்காட்டிலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கிப் போட்டார்கள். அப்ரூவல் இருக்கிறதா என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள்?

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. முன்பே வீட்டுமனையாகப் பதிவானதை மறுபடி விற்க வழி பிறந்தது. ஆனால் அப்ரூவல் இல்லை என்றால் பாங்கியில் கடன் கிடைப்பது கஷ்டம்.

கடன் கிடைக்காத வீட்டை வாங்க ரொக்கக்காரரை விட்டால் ஆளில்லை. அவர் சொல்வதுதான் விலை!

இன்னொரு தலைவலி, 1978-ம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1999-ல் அது ரத்தாகிவிட்டது. ஆனாலும் அதற்கு முன்பே அரசு கையகப்படுத்திய நிலம் அரசு நிலம்தான். அதன் மேல் வீடு கட்டி வரி கட்டிக்கொண்டு இருப்பவருக்கு, விற்கப் போகும்போதுதான் விஷயமே தெரியும்.

சில வீடுகளுக்கு வெள்ளம்தான் எதிரி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜம் புயலிலும் தண்ணீர் புகுந்த தெரு என்றால் வாங்குபவர் யோசிக்கத்தான் செய்வார்.

பவர் பத்திரம்!

குறைந்த விலைக்கு விற்பது நஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து கையெழுத்தில் இருக்கிறது.

கிரயம் முடித்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்ட வேண்டும். வாங்கி உடனே கை மாற்றி விடுகிறவருக்கு இந்த 9 சதவீதம் வீண் செலவு. அதனால் கொஞ்சம் அட்வான்சைக் கொடுத்து, "பவர் மட்டும் போட்டுக் குடுங்க" என்பார். வேறு பார்ட்டி பிடித்ததும், அந்தப் பவரை வைத்து அவரே விற்றுவிடலாம்.

குடும்பத்தார் அல்லாதவருக்கு விற்பனைப் பவர் எழுத, 10 ஆயிரம் ரூபாயாக இருந்த கட்டணம், 2023 ஜூலையில் சொத்து மதிப்பில் 1 சதவீதமாக உயர்ந்தது. அப்படியும் 9 எங்கே, 1 எங்கே?

பவராலும் அக்ரிமெண்டாலும் சொத்து கை மாறாது, பதிவான கிரயப் பத்திரம்தான் செல்லும் என்று 2011 அக்டோபர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதாவது, வீட்டுக்காரர் கைக்குப் பாதிப் பணம்தான் வந்திருக்கும். வீடு அவர் பெயரிலேயே இருக்கும். கடைசியில் 50 லட்சத்துக்கு விற்றால், விற்றவர் என்று பத்திரத்தில் ஏறுவது அவர் பெயர். வருமான வரி நோட்டீஸ் வருவதும் அவருக்குத்தான்!

அக்ரிமெண்ட் போட்டுப் பதிவு செய்தாலும் சிக்கல் உண்டு. அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். பார்ட்டி மீதிப் பணம் தராமல் இழுத்தடித்தாலும், அவர் வந்து கையெழுத்துப் போட்டு ரத்து செய்யும் வரை வேறு ஆள் வாங்க மாட்டார்.

கத்தையாக வாங்கினால்...

"ரெடி கேஷ்" என்ற பெயரிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. வீடு, மனை விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015 ஜூன் 1 முதல் சட்டம். மீறினால், எவ்வளவு வாங்கினாரோ அவ்வளவு அபராதம். கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய வீட்டுக்காரருக்கு!

இது நம் ஊர் கதை மட்டும் அல்ல. "அசிங்கமான வீடுகளை வாங்குகிறோம்" என்று விளம்பரம் செய்யும் ஹோம்வெஸ்டர்ஸ் கம்பெனி அமெரிக்காவில் 1996-ல் தொடங்கியது. அதன் கிளைக்காரர்கள் சிலர், வயதானவர்களையும் கஷ்டத்தில் தவிப்பவர்களையும் குறிவைத்து அடிமாட்டு விலைக்கு வாங்கியதை புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2023-ல் அம்பலப்படுத்தியது.

என்ன செய்யலாம்?

முதலில் காகிதத்தைச் சரிசெய்ய வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மூலப்பத்திரம் தொலைந்திருந்தால் போலீசில் புகார் கொடுத்து, சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் நகல் எடுக்கலாம். வரன்முறை பற்றி மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் கேட்கலாம்.

வீடு காலமான தகப்பனார் பெயரில் இருக்கிறதா? அக்கா, தங்கை கையெழுத்து இல்லாமல் நகராது. அவர்களுக்குச் சேர வேண்டியதைப் பேசி முடித்து விடுதலைப் பத்திரம் வாங்கலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40 ஆயிரம், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10 ஆயிரம். இந்த 50 ஆயிரம் செலவுக்குப் பயந்துதான் பலர் லட்சக்கணக்கில் கோட்டை விடுகிறார்கள்.

சரி செய்யவே முடியாத வீடா? அவசரமா? ரொக்கக்காரரிடம் விற்பதில் தப்பில்லை. ஆனால் ஒருவர் சொன்ன விலையோடு நிற்காமல் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் விடக்கூடாது. சுவரை ஒட்டிய இடத்துக்கு அவரே கூடுதலாகக் கொடுத்தாலும் கொடுப்பார்.

பவர் வேண்டாம். நேரே கிரயப் பத்திரம். முழுப் பணமும் டி.டி.யாகவோ, கணக்கிலோ வந்த பிறகுதான் ரிஜிஸ்டர் ஆபீசில் கைரேகை வைக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்? 2022 ஜனவரி 1-ல் தொடங்கிய ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவு இருக்கிறது. நில மோசடிப் புகாரை அங்கே கொடுக்கலாம்.

வீட்டை ஒரே வாரத்தில் விற்றுவிடலாம். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கத்தான் வருஷக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்!