நிரூபிக்க முடியாத நோய், நிரூபிக்க முடிகிற கலப்படம்

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டன. அரசு ஆய்வகத்தில் சோதித்த மாதிரிகளில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்தது. செய்தியைப் பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கேன்சர் கலர்'. பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்த அம்மாக்களுக்கு அன்று தூக்கம் வந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் சாயத்தை மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருமா தராதா என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பது அந்தப் பிரிவின் அர்த்தம். அதனால் தடை தப்பாகிவிடாது. உணவில் சேர்க்க நம் சட்டம் அனுமதித்த செயற்கை வண்ணங்கள் எட்டே எட்டு. அவற்றையும் ஐஸ்கிரீம், பிஸ்கட், இனிப்பு, சர்பத் போன்ற சிலவற்றில் மட்டும், அளவோடுதான் சேர்க்கலாம். துணிச்சாயம் அந்தப் பட்டியலில் இல்லை. அது உணவில் இருந்தாலே குற்றம். யாருக்கு நோய் வந்தது என்று சட்டம் கேட்காது. இந்த வேறுபாடு நமக்கு எவ்வளவு உபயோகமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நோயின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு சிக்கலானது. இந்தியப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி நம் நாட்டில் புதிதாக அந்நோய் கண்டவர்கள் 1.9 லட்சத்துக்கும் மேல். அடுத்த இடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. அதற்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மார்பகப் புற்றுநோயில் வயது, மரபணு, ஹார்மோன், மாதவிடாய் நின்றபின் ஏறும் உடல் எடை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. உள்ளே போகும் பொருள்களில் சான்று மிக உறுதியாக இருப்பது மதுவுக்கு. அதைச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி எதுவும் எனக்கு வந்ததில்லை. மைக்ரோவேவ், அஜினமோட்டோ, பிராய்லர் கோழி என்றுதான் வரும்.

ஆனால் எல்லாமே வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து போன சில மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங் அறிவித்தது. சிங்கப்பூரும் ஒரு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. மசாலாவில் கிருமியைக் கொல்ல அடிக்கும் வாயு இது. மேற்சொன்ன முகமை இதை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களோடு வைத்திருக்கிறது. மருத்துவக் கருவிகளுக்குக் கிருமிநீக்கம் செய்யும் தொழிற்கூடங்களில் இதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக இருக்கலாம் என்பதற்கு ஓரளவு சான்றும் உண்டு. அவர்கள் சுவாசித்த அளவும் குழம்பில் போடும் ஒரு ஸ்பூன் பொடியில் மிஞ்சும் அளவும் ஒன்றல்ல. இருந்தாலும் மரபணுவையே தாக்கும் பொருளை 'கொஞ்சம்தானே' என்று விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வறுவல், சிப்ஸ், கருகிய பிரெட் ஆகியவற்றில் உண்டாகும் அக்ரிலமைடின் கதை வேறு மாதிரி போனது. 2007இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு, அதை அதிகம் சாப்பிட்ட பெண்களிடம் கருப்பை, சினைப்பைப் புற்றுநோய் கூடியதாகச் சொன்னது. பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெயை அதிகச் சூட்டில் வைத்துப் பொரிக்கும்போது எழும் புகையை அதே முகமை 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்திருக்கிறது. சீனாவிலும் தைவானிலும் பீடி சிகரெட் தொடாத பெண்களுக்கு ஏன் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று தேடிப்போன ஆய்வுகள் அடுப்படியில் வந்து நின்றன. முறுக்கும் பஜ்ஜியும் தின்பவரைவிட, காற்றோட்டமில்லாத அறையில் நாளெல்லாம் வாணலி முன்னால் நிற்கும் பெண்ணைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நோய் கண்ட பெண் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'நான் எதைச் சாப்பிட்டதால் வந்தது?' என்பது. வீட்டுக்கு வரும் உறவினர்களும் அதையே கேட்டு, சமைத்தவர் தலையிலேயே பழியைக் கட்டிவிட்டுப் போவார்கள். எந்த மருத்துவராலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கட்டி வெளியே தெரியப் பத்து இருபது ஆண்டு ஆகலாம். அதற்குள் எத்தனை கடை, எத்தனை பாக்கெட்! உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டம் 2006இன் 65ஆம் பிரிவு, உணவால் இறந்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது. ஆனால் இந்தப் பொட்டலத்தால்தான் இந்தக் கட்டி என்று காட்டினால்தானே! புற்றுநோயைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய்தான்.

உபயோகமானது அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு. யாருக்கும் ஒரு பாதிப்பும் வராவிட்டாலும், பாதுகாப்பற்ற உணவை விற்றதற்கே சிறையும் அபராதமும் உண்டு. ஆக, பிடிக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெகு முன்னால், கடையிலும் அரவை மில்லிலும் இருக்கிறது.

வங்கதேசம் இதைச் செய்துகாட்டியது. அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடினால், சமையலறை மஞ்சள் தூளில் போய் முடிந்தது. மங்கிய மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற, பாலிஷ் போடும்போது லெட் குரோமேட் சாயத்தைத் தூவியிருக்கிறார்கள். அதில் ஈயமும் உண்டு, புற்றுநோய் தரும் குரோமியமும் உண்டு. 2019இல் ஆய்வு வெளியானதும் அரசு எச்சரிக்கை விட்டது, டாக்கா மொத்தச் சந்தையில் சோதனை போட்டு வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை. ஒரு கர்ப்பிணியும் கோர்ட்டுக்குப் போய் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

நம் வீட்டு மஞ்சளைப் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும், தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். சாயம் சேர்ந்தது இறங்க இறங்கவே தண்ணீரை அடர்த்தியாக்கிவிடும். கேழ்வரகில் ரோடமின்-பி சந்தேகம் வந்தால், எண்ணெயில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் சரியில்லை. சிக்கன் 65 பார்சலைப் பிரித்ததும் விரலில் ஒட்டி, சோப்புப் போட்டாலும் போகாத சிவப்பு மிளகாயால் வந்தது என்று நம்ப வேண்டாம். பொரித்த இறைச்சியில் செயற்கை வண்ணத்துக்கு அனுமதியே கிடையாது. ஆனால் இந்த வீட்டுச் சோதனைகள் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும். சாட்சியாக நிற்பது ஆய்வக அறிக்கை மட்டுமே.

அந்த அறிக்கையை வாங்கும் உரிமை அதிகாரிக்கு மட்டுமல்ல, நமக்கும் இருக்கிறது. சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; அறிக்கை மேல் நடவடிக்கைக்காக நியமன அலுவலருக்குப் போகும். சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. இடறல் ஒன்று உண்டு: சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். தெருமுனைக் கடையில் நின்று அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சட்டம் எழுதியவர்கள் ரேஷன் வாங்கப் போகும் பெண்ணை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தனியாகப் போகாமல் மகளிர் குழுவாகவோ குடியிருப்போர் சங்கமாகவோ போனால் வேலை சுலபமாகும்.

அதுவும் முடியாதவர்கள் உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம். பொட்டலத்தின் படம், தயாரித்த தேதி, தொகுதி எண், பில் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பில்லில் கடையின் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். அது இல்லாவிட்டால் அதையே தனிப் புகாராக எழுதலாம். காசுக்கு மோசமான பொருளைத் தந்ததற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: மாதிரி எடுத்தீர்களா, எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள், அறிக்கை என்ன சொல்கிறது? 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.