இந்திரா நூயி கடைக்குப் போனால்...

தமிழக எல்லையில் எளாவூர் சோதனைச்சாவடியிலிருந்து கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திரப் பக்கம் தடாவை ஒட்டி இருக்கிறது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். கேட்பரி சாக்லேட், கோல்கேட் பற்பசை, பெப்சி என்று சூப்பர் மார்க்கெட்டில் நாம் கைநீட்டி எடுக்கும் சரக்குக்கெல்லாம் அங்கே ஆலை உண்டு. 2015 ஏப்ரலில் பெப்சிகோ ஆலையின் திறப்பு விழாவுக்கு ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவோடு வந்திருந்தவர் யார் தெரியுமா? நம் தி.நகரில் வளர்ந்த பெண், அந்த நிறுவனத்தின் அப்போதைய உலகத் தலைவர் இந்திரா நூயி!

விழா, ரிப்பன், கைதட்டல் எல்லாம் இருக்கட்டும். அவரைப் பற்றிப் படித்ததிலேயே என்னைத் துள்ள வைத்தது வேறொன்று. அத்தனை பெரிய நிறுவனத்தின் தலைமை அதிகாரி வாரா வாரம் கடைக்குப் போவாராம். ரேக்கின் முன்னால் நின்று தன் சரக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பாராம். அதிகாரியாக இல்லை; வீட்டுக்குச் சாமான் வாங்க வந்த ஒரு அம்மாவாக. இதில் எது என்னைக் கூப்பிடுகிறது? இதுதான் கேள்வி. பதில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ரேக்கில் ஒரே நெரிசல், எதுவும் கண்ணில் ஒட்டவில்லை!

உடனே என்ன செய்தார்? தனக்குக் கீழே இருந்த பெரிய அதிகாரிகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமராவையும் காலி ஆல்பத்தையும் கொடுத்தார். நல்ல வடிவமைப்பு என்று உங்களுக்குப் படுவதையெல்லாம் படம் எடுத்து ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பலர் ஒன்றுமே எடுக்கவில்லை. சிலர் மனைவியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்! பார்த்தார் நூயி, 2012-ல் மௌரோ போர்ச்சினி என்ற வடிவமைப்பாளரையே கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அமெரிக்கக் கடைகளில் சிப்ஸ் பாக்கெட் ரேக்குக்கு வரும் வழியும் கேட்கச் சுவையானது. பெப்சிகோவின் ஃப்ரிட்டோ-லே சரக்கு கடைக்காரரின் கிடங்குப் பக்கமே போகாது. கம்பெனி ஆளே வண்டியில் கொண்டுவந்து, பழசை எடுத்துப் புதுசை அடுக்கிவிட்டுப் போவார். சிப்ஸ் எளிதில் நொறுங்கும், இடத்தை அடைக்கும், சீக்கிரம் விற்றும் போகும். அதனால்தான் இந்த ஏற்பாடு. 2002-ல் இதற்கான ஆர்டர் எடுக்கும் கணினி அமைப்பு படுத்துவிட்டது. புதிய அமைப்புக்கு 150 கோடி டாலர் என்று ஒரு கோப்பு நூயியின் மேஜைக்கு வந்தது. அப்போது அவர்தான் நிதித் தலைவர். புரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று, வழக்கமான இந்தியப் பயணத்தையே ரத்து செய்துவிட்டு, விடுமுறை முழுக்கக் கணினிப் பாடப்புத்தகங்களோடு உட்கார்ந்தார். ஜனவரியில் கேள்விப் பட்டியலோடு திரும்பினார். இந்த ஒரு காரியத்துக்கே அவருக்கு ஒரு சபாஷ் போடலாம்!

1955-ல் சென்னையில் பிறந்தவர். ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளி, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி, பெண்கள் மட்டுமே இருந்த இசைக்குழுவில் கித்தார் (ஆமாம், கித்தார்!), பிறகு கல்கத்தா ஐ.ஐ.எம். 1978-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது படிப்புச் செலவுக்காக விடுதி வரவேற்பு மேசையில் இரவு வேலை. 1994-ல் பெப்சிகோவில் சேர்ந்து, 2006-ல் தலைமை அதிகாரி ஆனார். 2018-ல் அவர் அந்தப் பதவியிலிருந்து இறங்கும்போது நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 6,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2019-ல் அமேசானின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். ஹோல் ஃபுட்ஸ் சூப்பர் மார்க்கெட்டுகள் அந்த அமேசானுடையவைதான்.

பால் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெப்சிகோவின் பிரசிடென்ட் ஆகப்போகிறாய் என்ற செய்தியோடு இரவு பத்து மணிவாக்கில் வீடு திரும்புகிறார். மாடிப்படியில் நின்ற அம்மா சாந்தா, முதலில் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வா என்கிறார். கணவர் முன்னமே வந்துவிட்டாரே? அவர் களைத்திருக்கிறாராம்! வாங்கி வந்த பாலை டொக்கென்று வைத்த மகளிடம், கிரீடத்தையெல்லாம் கார் ஷெட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்றாராம் அம்மா. எல்லாரும் இதைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கும் களைப்பு இருந்ததே, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

நூயி இதை விட்டுவிடவில்லை. 2021-ல் வந்த தன் வாழ்க்கை நூலில் சம்பளத்தோடு விடுப்பு, குழந்தைக் காப்பகம், வசதியான வேலை நேரம் மூன்றும் வேண்டும் என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார். அவர் கேட்பது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்துவதல்ல. நம் நாட்டில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. எளாவூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஸ்ரீசிட்டி ஷிப்டுக்குப் போகும் தாய்மார்களே, உங்கள் ஆலையில் அது எங்கே இருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள்.