ஒற்றை வீரச்செயலால் அறியப்பட்டவரின் வாழ்க்கை வரலாறு

ஒற்றை வீரச்செயலால் அறியப்பட்டவர் என்பது, தம் வாழ்நாளில் செய்த ஒரே ஒரு துணிவான செயலின் காரணமாக மட்டும் பொதுமக்களால் அறியப்படும் ஒருவரைக் குறிக்கும். இத்தகைய ஒருவருக்குக் கலைக்களஞ்சியத்தில் தனி வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை அமையலாமா, அல்லது அவர் பங்கு கொண்ட நிகழ்வைப் பற்றிய கட்டுரையில் ஒரு பகுதியாக இடம்பெற்றால் போதுமா என்பது தொகுப்பாளர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு கேள்வியாகும். தமிழகச் சூழலில் இக்கேள்விக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகத் திருப்பூர் குமரனின் வாழ்க்கை அமைகின்றது.

செயலின் பெருமையைக் கொண்டு மட்டும் இக்கேள்விக்கு விடை காண இயலாது. ஒரு செயல் போற்றத்தக்கது என்பது வேறு. அதைச் செய்தவரின் வாழ்க்கையை எழுதுவதற்குப் போதிய நம்பகமான சான்றுகள் உள்ளன என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்து அறிவதே இம்முடிவின் அடிப்படை ஆகும்.

வாழ்க்கையும் செயலும்

வாழ்க்கை வரலாறு என்பது ஒருவரின் பிறப்பு, குடும்பம், கல்வி, தொழில், கருத்துகள், செயல்கள், இறப்பு, தாக்கம் ஆகியவற்றைத் தொடர்ச்சியாகக் கூறுவதாகும். ஒரு செயலால் மட்டும் அறியப்பட்டவரைப் பொருத்தவரை இவற்றுள் பெரும்பாலானவை பதிவாகி இருப்பதில்லை. ஒரு நாளில், சில வேளைகளில் ஒரு சில நிமிடங்களில் நிகழ்ந்தது மட்டுமே பதிவாகியிருக்கும். எஞ்சிய இடத்தை நிரப்ப முற்படும்போது "சிறு வயதிலிருந்தே நாட்டுப்பற்று மிக்கவர்", "அஞ்சாநெஞ்சர்" போன்ற சான்றற்ற தொடர்கள் புகுந்துவிடுகின்றன. பின்னர் எழுதுவோர் அவற்றை உண்மையெனக் கொண்டு மேலும் பரப்புகின்றனர். இதனால் அம்மனிதர் உண்மையில் எப்படி வாழ்ந்தார் என்பது மறைந்து, எல்லா வீரர்களுக்கும் பொதுவான ஒரு வார்ப்பு மட்டுமே எஞ்சுகின்றது.

நடுகல் மரபு

ஒற்றைச் செயலைப் பதிவு செய்வதற்கெனத் தமிழரிடையே ஒரு தொன்மையான வடிவம் உண்டு. அது நடுகல் ஆகும். தொல்காப்பியம் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாகக் குறிப்பிடுகின்றது. ஆநிரை மீட்டு இறந்தோர், ஊரைக் காத்து இறந்தோர் முதலியோருக்குக் கல் நடப்பட்டது. கொங்கு நாட்டில் புலியோடு போரிட்டவர்களுக்காக நடப்பட்ட புலிக்குத்திக் கற்கள் பல காணப்படுகின்றன.

நடுகல் எழுத்துகள் பொதுவாக அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், நிகழ்ந்தது என்ன ஆகியவற்றைச் சில வரிகளில் கூறி முடிகின்றன. வீரனின் இளமைப் பருவத்தையோ குணநலன்களையோ அவை விவரிப்பதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, இறந்த வீரனுடன் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றது. அந்த நாயைப் பற்றி வேறெதுவும் தெரியாது. ஆயினும் அப்பதிவு குறைபாடு உடையதன்று. தெரிந்ததை மட்டும் கூறியதால் அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்பத்தக்க சான்றாக நிற்கின்றது.

இதற்கு ஒப்பான ஒன்று இலண்டனிலும் உள்ளது. ஓவியர் ஜார்ஜ் பிரெடரிக் வாட்சின் முயற்சியால் 1900 ஆம் ஆண்டில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்னும் பூங்காவில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. பிறரைக் காப்பாற்றும் முயற்சியில் உயிர்நீத்த சாதாரண மக்களின் பெயர், செயல், நாள் ஆகியவை அங்குள்ள ஓடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. இவை வாழ்க்கை வரலாறுகள் அல்ல. நிகழ்வுப் பதிவுகள் ஆகும்.

திருப்பூர் குமரன்

1920களில் கொங்குப் பகுதியில் கதர் இயக்கம் வலுப்பெற்றிருந்தது. ராஜாஜி 1925 ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். நூற்பு, நெசவு, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் பணிகளாக இருந்தன. மதுவிலக்குப் பரப்புரைக்காக 1929 இல் அங்கிருந்து விமோசனம் என்ற இதழ் வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார். இதே காலத்தில் திருப்பூர் கதர் வணிகத்தின் முக்கிய மையமாக விளங்கியது.

குமரன் 1904 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள் இன்றைய ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த சென்னிமலையில், நாச்சிமுத்து, கருப்பாயி ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் குமாரசாமி. நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் பள்ளிக் கல்வியைத் தொடக்க நிலையிலேயே நிறுத்த நேர்ந்தது. பின்னர் திருப்பூரில் பணிபுரிந்தவாறே தேசபந்து இளைஞர் மன்றத்தின் பணிகளில் ஈடுபட்டார்.

1932 சனவரி 4 அன்று காந்தி கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து நாடெங்கும் சட்டமறுப்புப் போராட்டங்கள் மீண்டும் எழுந்தன. சனவரி 10 அன்று திருப்பூரில் பி. எஸ். சுந்தரம் தலைமையில் தொண்டர்கள் தடையை மீறிக் கொடியேந்தி ஊர்வலம் சென்றனர். காவலர்கள் நடத்திய தடியடியில் குமரனின் மண்டை உடைந்தது. கையில் இருந்த கொடியை விடாமல் அவர் வீழ்ந்தார். மறுநாள், சனவரி 11 அன்று மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. அன்று முதல் "கொடிகாத்த குமரன்" என்று அழைக்கப்படுகின்றார்.

குமரன் நூல்கள் எழுதிப் புகழ் பெற்றவர் அல்லர். அமைப்பின் பெருந்தலைவரும் அல்லர். அவரது புகழ் முழுவதும் அந்த ஒரு நாளைச் சார்ந்தது. ஆயினும் அவருக்குத் தனி வாழ்க்கை வரலாறு அமைவது பொருத்தமானதே. அதற்கான காரணங்கள் பின்வருமாறு:

1. பிறப்பு, குடும்பம், தொழில், இயக்க ஈடுபாடு ஆகியவை குறித்த அடிப்படைச் செய்திகள் கிடைக்கின்றன.
2. அச்செயல் தற்செயலாக நிகழ்ந்ததன்று. அவர் முன்பே ஈடுபட்டிருந்த பணியின் தொடர்ச்சியாகும்.
3. செயலுக்குப் பிந்தைய நினைவு தனியான வரலாறாக வளர்ந்துள்ளது. திருப்பூரில் அவருக்கு நினைவகம் உள்ளது. அவரது பெயரில் சாலையும் கல்வி நிறுவனமும் உள்ளன. நூற்றாண்டை ஒட்டி 2004 இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலை வெளியிட்டது.
4. பல பத்தாண்டுகளாகப் பலர் அவரைப் பற்றித் தனித்தனியே எழுதியுள்ளனர்.

உடன் சென்றவர்கள்

அதே ஊர்வலத்தில் குமரனுடன் சென்ற ஏனைய தொண்டர்களும் அடிபட்டனர். அவர்கள் காட்டிய துணிவு குறைந்ததன்று. ஆயினும் அவர்களுள் பலரைப் பற்றிப் பெயரைத் தவிர அதிகம் எழுதப்படவில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை சென்ற ஏறத்தாழ நூறு தொண்டர்களுக்கும் இது பொருந்தும். ராஜாஜியின் வாழ்க்கை பல நூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. தொண்டர்களுள் பலர் அந்த யாத்திரையால் மட்டுமே அறியப்படுகின்றனர்.

எழுதியவர்களும் எழுதப்பட்டவர்களும் ஆவணங்களில் நிலைத்திருக்கின்றனர். நூற்றவர்களும் நெய்தவர்களும் அவ்வாறு நிலைப்பதில்லை. எனவே சான்று இல்லாமை என்பது சிறப்பு இல்லாமையைக் குறிக்காது. இத்தகையோருக்கு நிகழ்வுக் கட்டுரையே உரிய இடமாகும். அங்கு அவர்களின் பெயர்களை முழுமையாகத் தருவதும், புதிய ஆவணங்கள் கிடைக்கும்போது தனிக் கட்டுரைகளாகப் பிரிப்பதும் அவர்களுக்குச் செய்யும் நீதியாக அமையும். நிகழ்வுக் கட்டுரையில் தலைவரின் பெயரை மட்டும் தந்து "மற்றும் பலர்" என முடித்துவிடுவது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

பிற எடுத்துக்காட்டுகள்

- தில்லையாடி வள்ளியம்மை (1898–1914): தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்று, விடுதலைக்குப் பின் நோயால் 16 ஆம் வயதில் இறந்தார். வாழ்க்கை மிகக் குறுகியதாயினும், காந்தி தமது தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் இவரைப் பற்றி எழுதியமை நேரடிச் சான்றாக அமைகின்றது.
- நீரஜா பனோட்: 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காத்து உயிர்நீத்த பணிப்பெண். அசோகச் சக்கர விருது பெற்றார். விருது ஆவணங்களும் விரிவான செய்திகளும் தனிக் கட்டுரைக்கு இடமளிக்கின்றன.
- தியானன்மென் மனிதர்: 1989 சூன் 5 அன்று பெய்சிங்கில் பீரங்கி வண்டிகளின் முன் தனியாக நின்றவர். இவர் யார் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. எனவே எழுதப்படுவது அந்நிகழ்வையும் ஒளிப்படத்தையும் பற்றிய கட்டுரையே அன்றி வாழ்க்கை வரலாறு அன்று.
- குயிலி: வேலு நாச்சியாரின் படையில் இருந்து தம்மையே எரித்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கை அழித்ததாகக் கூறப்படுபவர். இச்செய்தி பெரிதும் வாய்மொழி மரபு வழியே அறியப்படுகின்றது. மரபை மரபு என்றே குறிப்பிட்டு எழுதுவது முறையாகும்.

நடுநிலை

ஒரு செயலை வீரச்செயல் என்று அழைப்பதிலும் கருத்து வேறுபாடுகள் எழலாம். 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனைப் பலர் தியாகியாகப் போற்றுகின்றனர். அவர் விட்டுச்சென்ற கடிதத்தையும் அச்செயலின் நோக்கத்தையும் விமர்சிப்பவர்களும் உள்ளனர். வாழ்க்கை வரலாறு நிகழ்ந்ததைக் கூறி, இரு தரப்பு மதிப்பீடுகளையும் அவற்றைக் கூறியவர்களின் பெயரோடு தருதல் வேண்டும். "மாவீரர்" போன்ற அடைமொழிகளைக் கட்டுரை தன் சொந்தக் கூற்றாகப் பயன்படுத்துவது ஏற்புடையதன்று.

வாழ்பவர்களும் சிறாரும்

உயிருடன் இருப்பவரைப் பற்றிய முடிவில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றிய ஒருவர் சில நாட்கள் நாளிதழ்களில் இடம்பெறலாம். அதன் பின் அவர் தம் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகின்றார். அவருக்குத் தனிக் கட்டுரை எழுதப்படின், பிற்காலத்தில் அவருக்கு நேரும் வழக்கு, கடன், குடும்பப் பிணக்கு ஆகியவையும் அதில் சேர்க்கப்படும் நிலை உருவாகும். ஒரு நல்ல செயலுக்குப் பரிசாக ஒருவர் தம் தனிமையை இழப்பது முறையாகாது.

இந்தியாவில் வீரச்செயல் புரிந்த சிறாருக்குத் தேசிய விருது வழங்கும் வழக்கம், 1957 இல் தில்லி ராம்லீலா திடலில் நேரு கலந்துகொண்ட விழாப் பந்தலில் தீப்பற்றியபோது மக்களைக் காக்க உதவிய ஒரு சாரணச் சிறுவனின் செயலை ஒட்டித் தொடங்கியது. அவ்விருது பெற்றோரைப் பட்டியலில் சேர்ப்பது பொருந்தும். ஒவ்வொரு சிறாருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதுவது பொருந்தாது.

அச்சு நூலும் மாறிய சூழலும்

ம. ப. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்ற அச்சு நூல்களில், பக்க அளவு ஒரு தவிர்க்க இயலாத வரம்பாக இருந்தது. மின்வடிவில் அவ்வரம்பு இல்லை. எனவே "இடம் இல்லை" என்பது இன்று ஒருவரை விலக்குவதற்குக் காரணமாகாது. அதே வேளை, "இடம் இருக்கின்றது" என்பதும் ஒருவரைச் சேர்ப்பதற்குக் காரணமாகாது.

முடிவு செய்யும் முறை

ஒற்றை வீரச்செயலால் அறியப்பட்டவர் ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும்போது பின்வரும் கேள்விகள் பயன்படும்:

1. அச்செயல் நீங்கலாக அவரது வாழ்க்கையைப் பற்றி நான்கு பத்திகளேனும் சான்றுடன் எழுத இயலுமா?
2. நிகழ்வு நடந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவரைப் பற்றித் தனியே எழுதப்பட்டுள்ளதா?
3. நிகழ்வுக் கட்டுரையில் கூற இயலாத எதையேனும் தனிக் கட்டுரை கூறுமா?
4. அவர் உயிருடன் இருப்பின், கட்டுரையால் அவருக்குத் தீங்கு நேருமா?

முதல் மூன்றுக்கும் "ஆம்" என்றும் நான்காவதற்கு "இல்லை" என்றும் விடை கிடைப்பின் தனிக் கட்டுரை அமையலாம். அவ்வாறில்லையெனில் நிகழ்வுக் கட்டுரையில் அவரது பெயர், செயல், நாள், ஊர் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவு செய்தல் போதுமானது. இது அவரது சிறப்பைக் குறைப்பதாகாது; நடுகல் செய்த பணியும் இதுவே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- நடுகல்
- திருப்பூர் குமரன்
- வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம்
- திருச்செங்கோடு காந்தி ஆசிரமம்
- தில்லையாடி வள்ளியம்மை