கமக்காரரின் வரவு செலவும் கைத்தொலைபேசிச் செயலியும்

நெல்லை விற்றுக் கடனை அடைத்த பின்னர், அப்போகத்தில் தமக்கு எஞ்சியது எவ்வளவு என்பதைத் திட்டமாகக் கூறக்கூடிய கமக்காரர் சிலரே. வயலுக்குச் செல்லும் பணமும் வீட்டுக்குச் செல்லும் பணமும் ஒரே மடியிலிருந்து எடுக்கப்படுவதே இதற்குக் காரணமாகும். களைநாசினிக்கென வைத்த தொகை பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குப் போகின்றது. உழவுக்கூலிக்கு நகை அடகு வைக்கப்படுகின்றது. அவ்வடகின் வட்டி எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

கணக்குக் கொப்பி எழுதுவது நல்ல வழக்கமே. ஆயினும் கொப்பி வீட்டில் இருக்க, செலவு சந்தையிலும் வயலிலும் நேருகின்றது. கைத்தொலைபேசி எப்போதும் உடனிருப்பது. அதில் இடக்கூடிய வரவு செலவுச் செயலிகள் பலவுள. இலவசமாகப் பெறக்கூடியவையும் உண்டு. தொகையையும் அது எவ்வகைச் செலவு என்பதையும் குறித்தவுடன், செயலி திகதியைத் தானே பதிந்து, வகைவாரியாகக் கூட்டிக் காட்டும். ஒரு வகைக்கு முன்கூட்டியே எல்லைத் தொகை விதித்திருப்பின், செலவு அதனை அணுகும்போது எச்சரிக்கும் செயலிகளும் உள.

இவை பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுவோரை எண்ணி ஆக்கப்பட்டவை. ஆதலால் கமக்காரர் முதலில் வீடு, வயல், தோட்டம் எனக் கணக்குகளைப் பிரித்தல் வேண்டும். வயற் கணக்கின் கீழ் விதைநெல், உழவு, பசளை, மருந்து, கூலி, அரிவுவெட்டு, வண்டிக்கூலி என வகைகளைத் தமிழிலேயே எழுதலாம். மாதக் கூட்டுத்தொகை நெற்செய்கைக்கு உதவாது. பெரும்போகச் செலவு ஐப்பசியிலேயே தொடங்கிவிடும். வரவோ மாசி, பங்குனியில்தான் வரும். கணக்குக் காலத்தைத் தாமே வரையறுக்க இடந்தரும் செயலியைத் தெரிந்தெடுத்தல் நன்று. அது கிடையாவிடின் ஒவ்வொரு போகத்தின் பெயரிலும் தனிக் கணக்குத் திறக்கலாம்.

கடனுக்கு வாங்கிய பசளையை, பணம் கொடுக்கும் நாள்வரை காத்திராது, வாங்கிய நாளிலேயே பதிதல் வேண்டும். கைக்காசு விலைக்கும் கடன் விலைக்கும் உள்ள வேறுபாட்டை ‘வட்டி’ என்ற வகையில் இடுக. எடுத்துக்காட்டாக, கைக்காசுக்கு 9,000 ரூபாவான மூடைக்கு, 4 மாதங்களின் பின் அறுவடையில் 10,200 ரூபா கொடுக்க நேரின், வட்டி 1,200 ரூபா. அஃதாவது மாதம் நூற்றுக்கு 3 ரூபாவுக்கும் மேல். வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ கேட்கும் வட்டியுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மரக்கறிச் செய்கையாளர் சந்தைக் கழிவைக் கவனித்தல் வேண்டும். 100 கிலோ கத்தரிக்காயில் 10 கிலோ கழிக்கப்படின், 90 கிலோவின் விலையை மாத்திரம் வரவாக எழுதுவோர் உளர். அவ்வாறு எழுதினால் இழந்தது கண்ணுக்குத் தெரியாது. 100 கிலோவின் விலையை வரவிலும், 10 கிலோவின் விலையைச் ‘சந்தைக் கழிவு’ எனச் செலவிலும் பதிந்தால், போக முடிவில் அத்தொகையைப் பசளைச் செலவுக்கு அருகில் வைத்துப் பார்க்க முடியும். வீட்டார் களை பிடுங்கிய நாட்களையும் ஊரிலுள்ள நாட்கூலி விகிதப்படி எழுதுதல் முறை. பலர் இதை விரும்புவதில்லை; எழுதினால் இலாபம் குறைந்து தோன்றும் என்பது உண்மையே.

விலைகளை நினைவில் வைத்திருப்பது போதாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில், ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை சில வாரங்களுள் 360 ரூபா அளவை எட்டியது. அத்தகைய காலத்தில் பழைய செலவை உத்தேசமாகக் கொண்டு கடன் கேட்பவர், செய்கையின் நடுவிற் பணமின்றி நிற்க நேரும். திகதியிட்ட கணக்கு இருப்பின் விலை எப்போது, எவ்வளவு ஏறியதென்பது தெரியும்.

செலவு எழுதுவதற்கு வங்கியின் இரகசிய இலக்கம் தேவையில்லை. அதைக் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுக. இணையத் தொடர்பின்றி இயங்கும் செயலி வயல்வெளிக்கு ஏற்றது. ஆனால் தொலைபேசி வாய்க்காலில் விழுந்தால், அதில் மாத்திரம் உள்ள கணக்கும் அதனுடன் போய்விடும். ஆகவே மாதம் ஒருமுறை கூட்டுத்தொகைகளைப் பழைய கொப்பியிற் பெயர்த்தெழுதி வைத்தல் வேண்டும்.