வெள்ளித்திரைக்குப் பின்னே ஓர் எழுதுகோல்

இரவுக் காட்சி முடிந்து விடுதிக்கு நடந்து திரும்பும்போது நாம் எதைப் பேசுகிறோம்? நாயகனின் சண்டையைப் பேசுகிறோம், பாட்டைப் பேசுகிறோம், சற்று விவரம் தெரிந்தவர்கள் இயக்குநரைப் பேசுவார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் வெறும் தாளில் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவருடைய பெயர் திரையில் தோன்றியபோது நாம் இருட்டில் இருக்கை தேடித் தடவிக்கொண்டிருந்திருப்போம்.

என் அறைத்தோழன் இருநூறு பக்க நோட்டு ஒன்றில் திரைக்கதை எழுதி வைத்திருக்கிறான். பட்டம் வாங்கிய மறுநாளே சென்னைக்கு வண்டி ஏறுவதாகத் திட்டம். அவனுக்கும் எனக்கும் நடந்த வாதங்களிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. வாதத்தில் வெல்ல வேண்டுமென்பதற்காகவே நூலகத்தில் சில நாள் உட்கார்ந்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் தொடங்கி இறுதிவரை பேச்சு, பேச்சு, பேச்சு! தந்தை மகனிடம் பேசுகிறார் இரண்டு பக்கம். மகன் ஊரிடம் பேசுகிறான் நான்கு பக்கம். கோடம்பாக்கத்தில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார்கள். இடப்புறம் கண்ணுக்குரியது; வலப்புறம் காதுக்குரியது. இடம், பகலா இரவா, யார் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்பனவெல்லாம் இடப்பக்கம். வசனமும் ஒலியும் வலப்பக்கம். நண்பனும் கோடு போட்டிருந்தான். ஆனால் இடப்புறம் பாலைவனம்.

இது அவன் குற்றமன்று. தமிழ்ப்படம் வளர்ந்த விதம் அப்படி. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்தபோது நம் திரைக்குத் தாய்வீடு நாடக மேடை. பாட்டுக்குப் பின் பேச்சு அரியணை ஏறிற்று. ‘அம்பிகாபதி’ (1937), ‘கண்ணகி’ (1942) ஆகிய படங்களில் இளங்கோவனின் உரையாடல் தமிழுக்குத் திரையில் ஒரு மிடுக்கைத் தந்தது. 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’. 1952-இல் கலைஞர் வசனம் தீட்டிய ‘பராசக்தி’. அந்த நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பித்த தலைமுறை நம் தாத்தாக்களுடையது. இதில் ஒரு வேடிக்கை. ‘அம்பிகாபதி’யை இயக்கியவரும், கலைஞர் எழுதிய ‘மந்திரிகுமாரி’யை (1950) இயக்கியவர்களுள் ஒருவரும் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர்! மொழிக்காகவே கூட்டம் வந்த படங்களை மொழி தெரியாத ஒருவர் எடுத்திருக்கிறார். எழுத்தாளன் இல்லாமல் அவர் என்ன செய்திருக்க முடியும்?

நம் படங்களில் ‘கதை, திரைக்கதை, வசனம்’ என்று மூன்றாகப் பெயர் போடுகிறோம். இம்மூன்றும் ஒன்றல்ல. என்ன நடந்தது என்பது கதை. அதை எங்கே தொடங்குவது, எதை முன்னே சொல்வது, எதை மறைத்து வைப்பது, இடைவேளைக்குப் போகும் மக்களை எந்த மனநிலையில் அனுப்புவது என்பது திரைக்கதை. கே. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதலனைப் பிரிந்து வேறொருவரை மணந்த பெண் என்பது பழைய கதை. மணந்த மருத்துவரோ, சாகக் கிடக்கும் தன் தாயின் பொருட்டு ஏழே நாள் பொறுத்திரு, பிறகு நானே உன்னை அவனிடம் சேர்க்கிறேன் என்கிறார். அந்த ஏழு நாள்தான் திரைக்கதை. ஒரு கடிகாரத்தை மாட்டிவிட்டார் எழுத்தாளர். பார்ப்பவன் தானே நாளை எண்ணத் தொடங்கிவிடுகிறான். இதில் ஒரு வரி வசனம்கூட இன்னும் எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தொழிலின் கசப்பை அறியப் புதுமைப்பித்தனைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சிறுகதை மன்னன் எனப் போற்றப்படும் அவர், கடைசி ஆண்டுகளில் திரைப்படத்துக்கு எழுதப் போனார். தாமே படம் எடுக்க முயன்றார், அது கைகூடவில்லை. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30-ஆம் நாள், நாற்பத்திரண்டு வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார். இதை நான் படித்துச் சொன்ன இரவு, என் நண்பன் நோட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

மறுநாள் அவனைத் தேற்றுவதற்காகத் தேடிப் பிடித்ததுதான் மகேந்திரனின் வாழ்க்கை. அது நம்மைப் போன்ற ஒரு கல்லூரி மாணவனிடமிருந்தே தொடங்குகிறது. இளையான்குடிக்காரரான அவர் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ்ப் படங்களின் போக்கைத் தாக்கிப் பேசினார். எம்.ஜி.ஆர். சினம் கொள்ளவில்லை, பாராட்டினார். பின்னாளில் சென்னையில் சட்டப் படிப்பைப் பணமின்றி நிறுத்திவிட்டுப் பத்திரிகையில் வேலை பார்த்த அவரை அடையாளம் கண்டு, ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதும் பணியையும் தந்தார். அந்தப் படம் அப்போது எடுக்கப்படவில்லை. எழுதியது தாளாகவே தங்கிவிடுவது இத்தொழிலில் அன்றாட நிகழ்ச்சி.

பிறகு ‘நாம் மூவர்’, ‘நிறைகுடம்’, ‘தங்கப்பதக்கம்’ (1974) என்று பிறர் இயக்கத்துக்கு எழுதினார். ‘தங்கப்பதக்க’த்தின் வசனங்களுக்குக் கைதட்டல் அதிர்ந்தது. ஆனால் அவருக்கு அந்தப் பேச்சுமழையே பிடிக்கவில்லை! வசனம் எழுதியே பிழைத்தவர் வசனத்தை வெறுத்தார். 1978-இல் தாமே இயக்கிய ‘முள்ளும் மலரும்’ படத்தில், உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு, பேச்சைச் சுருக்கி முகங்களைப் பேசவிட்டார். படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் வசனமே இல்லையே என்று வருந்திய செய்தியை மகேந்திரனே சொல்லியிருக்கிறார். அந்த வருத்தம் நியாயமானதுதான். பணம் போட்டவர் அவர். ‘தங்கப்பதக்கம்’ எழுதிய கையிடம் அவர் எதிர்பார்த்தது வேறு.

மறு ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’. மூலம் எது தெரியுமா? புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. புனேயிலிருந்து நோயோடு திரும்பியவர் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின் திரைக்கு வந்தார். அதிலிருந்து மகேந்திரன் எடுத்தது ஒரு விதை மட்டுமே. அந்த ஊரும், ஊரார் ஒன்றுகூடி அந்தக் கொடியவனை ஆற்றுக்குள் நடக்கவைக்கும் முடிவும் அவர் படைத்தவை. இலக்கியத்தைச் சிதைத்துவிட்டார் என்று நம் தமிழ்த் துறை நண்பர்கள் சிலர் கூறக்கூடும். நான் உடன்படமாட்டேன். வரிக்கு வரி படமெடுப்பது விசுவாசமே அன்று; சோம்பல்.

அன்றாட வேலை எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்நாளில் பெரிய நிறுவனங்களில் ‘கதை இலாகா’ என்றே ஒன்று இருந்தது. ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) அப்படிப் பலர் கூடி உருவாக்கிய கதை. இலாகாக்கள் போயின, விடுதி அறையில் கூடிப் பேசும் ‘டிஸ்கஷன்’ நின்றது. முதலில் காட்சிகளை ஒவ்வொரு வரியில் அடுக்குவார்கள். அதற்கு ‘ஒன்லைன்’ என்று பெயர். அந்த அறையில் யோசனை சொன்னவர் யார், எழுதியவர் யார் என்று பின்னால் பிரிப்பது கடினம். இன்னொரு சங்கடம், கதையை வாயால் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளரும் நடிகரும் தாளைப் படிப்பதைவிடக் கேட்கவே விரும்புவர். நன்றாக எழுதி, சொல்லத் தெரியாதவன் வாசலோடு நிற்பான்.

சொன்ன கதை காற்றோடு போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு. அதற்காகவே திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. 2018-இல் ‘சர்கார்’ வெளிவருமுன் எழுந்த வழக்கில், சங்கத்தில் முன்பே பதிவு செய்திருந்த எழுத்தாளருக்குப் படத்தில் பெயர் தர உடன்பாடு ஏற்பட்டது. எங்கள் ஊர் அண்ணன் ஒருவருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பதிவு செய்யாமல் ஓரிடத்தில் கதை சொன்னார். இரண்டாண்டு கழித்துத் திரையரங்கில் தம் காட்சியைப் பார்த்தார். இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். நண்பனை ஒரு ஞாயிறு அவரிடம் அழைத்துப் போனேன். பயமுறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “தம்பி, முதல்ல ரிஜிஸ்டர் பண்ணு, அப்புறம் வாயைத் திற” என்று சொல்லிவிட்டு, கதையைக் கேட்கத் தொடங்கிவிட்டார். கடைக்கு வந்த இருவர் காத்து நின்றனர்.

இப்போது நோட்டு மறுபடி எழுதப்படுகிறது. முதல் காட்சியில் செங்கல் சூளைத் தந்தை மகனின் விடுதிக் கட்டணத்தைக் கட்ட வருகிறார். முன்பு வறுமை பற்றி இரண்டு பக்கம் பேசினார். போன வாரம் அதே காட்சியைக் காட்டினான். வேட்டி மடிப்பிலிருந்து வியர்வையில் நனைந்த நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜன்னல் திண்டில் அடுக்குகிறார். செம்மண் படிந்த விரல். எண்ணுகிறார். மீண்டும் எண்ணுகிறார். மகன் வேறு பக்கம் பார்க்கிறான். இடப்புறம் நிறைந்திருந்தது. வலப்புறத்தில் ஒரே வரி, கட்டணம் வாங்குபவர் தலை நிமிராமல் கேட்பது: “ரசீது யார் பேருக்கு?”