முகாம் பிள்ளைகளின் படிப்பும் குடியுரிமையும்

கம்பம், கூடலூர் பக்கம் விடியுமுன் ஜீப் ஏறி, கேரள எல்லை தாண்டிக் குமுளி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு எல்லைக் கெடுபிடி பழக்கமானதுதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் பாதை அடைபட்டபோது கூலியும் நின்றது. பாதை திறந்ததும் பிழைப்பு திரும்பியது. இதே தேனி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் அடைப்பு நீங்கவில்லை. அரசுப் பள்ளி அவர்களைச் சேர்த்துக்கொள்கிறது, சத்துணவும் போடுகிறது. அவர்கள் படிப்பைக் கெடுப்பது பள்ளிக்கூடமல்ல, குடியுரிமைச் சட்டம்.

1987 ஜூலை 1 முதல், இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் இதுவும் இறுகியது: ஒருவர் இந்தியரானாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. அப்பா, அம்மா இருவருமே முகாம்வாசிகள் என்றால், பிளஸ் டூவில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் விண்ணப்பத்தில் 'குடியுரிமை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். அரசு வேலைக்கு வழியில்லை, இந்திய பாஸ்போர்ட்டும் இல்லை. பட்டம் வாங்கிய அண்ணன் பெயிண்ட் அடிக்கப் போவதைப் பார்க்கும் தம்பிக்குப் படிப்பில் எப்படிப் பிடிப்பு வரும்?

அரசு உதவத்தானே செய்கிறது என்பார்கள். உண்மை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 108 முகாம்களில் 58,822 பேர் இருப்பதாகச் சொல்லி, வீடு, உதவித்தொகை, கல்லூரிக் கட்டணம் எல்லாம் அறிவித்தது. ஆனால் குடியுரிமை தருவது மத்திய அரசின் கையில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றது. இலங்கை அதில் இல்லை. பாதுகாப்பு என்ன ஆவது என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் இலங்கைத் தமிழர்மேல் சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. அதற்குப் பல ஆண்டு கழித்துப் பிறந்த குழந்தை அந்தச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும்? பெற்றோர் முறைகேடாகக் குடியேறியதற்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்தது. இலங்கைப் போர்தான் 2009-இல் முடிந்ததே, திரும்பிப் போகட்டும் என்பவர்களும் உண்டு. போக விரும்புவோர் போகலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் எழுத்து கற்ற பிள்ளைக்கு இலங்கை பார்த்திராத நாடு.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இங்கேயே பிறந்தவர்களுக்குக் குடியுரிமையும் கொடுக்கச் சொல்லி, நம் தொகுதி எம்.பி.க்குத் தேனிக்காரர்கள் ஆளுக்கொரு கடிதமாவது எழுத வேண்டும்.